வெள்ளிக்கிழமைக்கு ஒரு பச்சை அட்டை

எங்கள் தெருவில் கடுகு தாளிக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்த ஒரே வீடு அப்துல் ரஹ்மானுடையதுதான்.

குவைத்தில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இருபத்து நான்கு வருஷம் ஃபயர் வாட்சாக இருந்துவிட்டு வந்தவர் அவர். அது என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. வெல்டர் வெல்டிங் வைப்பான். இவர் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு நின்று, பொறி எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். வேறு எதுவும் செய்யக் கூடாது. போன் பேசக் கூடாது, உட்காரக் கூடாது, வெல்டர் கேட்டாலும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துத் தரக் கூடாது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகும் அரை மணி நேரம் நின்று, எதுவும் புகையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"சும்மா நிக்கிறதுக்கா கடல் தாண்டிப் போனீங்க?" என்பாள் அவர் மனைவி கமருன்னிஸா. "அதுக்கு நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டுலயே நின்னுருக்கலாமே. அங்க நாப்பது பேரு நிக்கிறானுவ, எல்லாம் அனுபவசாலி."

"சும்மா நிக்கிறது இல்ல கமரு. பாத்துக்கிட்டு நிக்கிறது."

"அவனுவளும் பாத்துக்கிட்டுதான் நிக்கிறானுவ."

ஊர் திரும்பியதும் அவர் சமையற்கட்டு வாசலில் சிவப்பு வாளியில் மணல் வைத்தார். காஸ் அடுப்புக்கு மேலே ஒரு பலகை மாட்டி, எண்ணெய்ச் சட்டி வைப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டிய ஆறு விஷயங்களை எழுதினார். கொல்லை முருங்கை மரத்தில் ‘ஆபத்து நேரத்தில் கூடுமிடம்’ என்று பச்சைப் பெயின்டில் ஒரு தகரம் ஆணியடிக்கப்பட்டது. அதற்கு முதலில் கட்டுப்பட்டவை பக்கத்து வீட்டு ஆடுகள்தான். மழை வந்தால் மூன்றும் தவறாமல் அங்கே கூடின.

மகள் ஃபஹ்மிதா மட்டும் அவரைக் கிண்டல் செய்வதில்லை. அவளுக்கு நேரம் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தவிட்டு எண்ணெயில் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று ஒவ்வொரு நெல்லையும் மில்லில் கொடுத்து அரைத்து, அந்தத் தவிட்டைக் கையோடு கொண்டுபோய் எண்ணெய் எடுக்க வேண்டும். தவிடு ஒரு நாள் கிடந்தால் சிக்கு வாடை வந்து கணக்கெல்லாம் மாறிவிடும். இன்னும் மூன்று நெல் பாக்கி. நவம்பர் முப்பதோடு அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது.

அந்த ஐப்பசியில் மழை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெய்தது. குறுவை நெல்லை ரோட்டில் காயப்போட்டவர்கள் வானத்தைப் பார்ப்பதும் தார்ப்பாயைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நனைந்து வந்த ஃபஹ்மிதா, கெண்டை மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே சிரித்தாள்.

"இன்னைக்கு லேப்ல ஒரு கூத்துமா. எண்ணெய் எடுக்குற கண்ணாடிச் செட்டு ஓடிட்டிருக்கு. நானும் கூட ஆராய்ச்சி பண்ற வானதியும் சாப்பிடப் போயிட்டோம். அதுக்குள்ள தண்ணி நின்னு போச்சு. மேல ஒரு குழாயில தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாதான் ஹெக்ஸேன் ஆவி குளுந்து திரும்பக் கீழ விழும். தண்ணி இல்லையா, மொத்த ஆவியும் ரூம்ல. கதவைத் தொறந்தா குப்புன்னு வாடை. பாத்தா எதுத்தாப்புல அட்டெண்டர் வீரையண்ணன், வெள்ளிக்கிழமையில்ல, பிள்ளையார் படத்துக்குக் காட்ட சூடம் கொளுத்தின தட்டோட வர்றாரு!"

"யா அல்லாஹ்" என்றாள் கமருன்னிஸா, சிரிக்கத் தயாராக.

"வானதி ‘அண்ணே நில்லுங்க’ன்னு கத்துனா பாரு, மனுஷன் ஒரு காலைத் தூக்குனபடியே நின்னுட்டாரு. தட்டுல சூடம் எரியுது, இவரு சிலை மாதிரி நிக்கிறாரு. அது எரிஞ்சு அணையுற வரைக்கும் அப்படியே. அப்புறம் கேக்குறாரு, ‘பாப்பா, இப்ப காலைக் கீழ வைக்கலாமா?’ன்னு."

தாயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்துல் ரஹ்மான் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"யாரு பாத்துக்கிட்டு இருந்தது?"

"என்ன அத்தா?"

"செட்டு ஓடயில. பக்கத்துல யாரு இருந்தது?"

"யாரும் இல்லத்தா. எட்டு மணி நேரம் ஓடும். யாரு உக்காந்திருப்பா? ஒன்னும் ஆகலையே."

"ஹெக்ஸேன்ங்கறது?"

"பெட்ரோலுக்குத் தம்பி முறைன்னு வெச்சுக்கங்களேன்."

அவர் எழுந்து கையைக் கழுவினார். ஆணத்தில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த தலைத் துண்டு அப்படியே கிடந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் விடுமுறைக்கு வந்த எந்த நாளிலும் அவர் கெண்டைத் தலையை விட்டு எழுந்ததில்லை. கமருன்னிஸாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

திங்கட்கிழமை அவர் மகளோடு முதல் பஸ்ஸில் ஏறினார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல முக்கால் மணி நேரம் நின்றது. பஸ்ஸே கேட்காரரைத் திட்டியது. இவர் மட்டும் ஜன்னல் வழியாக அவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

லேப் இரண்டாவது மாடியில். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பின்பக்கக் கதவை அடைத்து ஒரு பீரோ நின்றது. ஹெக்ஸேன் பாட்டில்கள் இருந்த ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா இட்லி மாவும் பாதி எலுமிச்சம்பழமும் இருந்தன. வாசலில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக நின்றது. அவர் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். குங்குமத்துக்குக் கீழே குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வெச்சிருவோம் பாய்" என்றார் வீரையன். ஐம்பத்தைந்து வயது, காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி. "ஒரு வருஷம் தவறுனதில்ல."

"மருந்து எப்ப மாத்துனீங்க?"

"அது மாத்தணுமா?"

ஃபஹ்மிதாவின் வழிகாட்டி பேராசிரியர் செல்லதுரை நல்ல மனிதர். நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்தார்.

"கவலைப்படாதீங்க பாய். இருபத்தேழு வருஷமா இந்த லேப்ல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது."

"நியர் மிஸ் எத்தனை சார்?"

"அப்படின்னா?"

"அடிபட இருந்து அடிபடாமப் போனது."

"அதை எதுக்கு எண்ணணும்?" செல்லதுரைக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஒன்னும் ஆகலைன்னா ஒன்னும் ஆகலைதானே?"

அப்துல் ரஹ்மான் தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் ஒரு கட்டு பச்சை அட்டை இருந்தது. ஆலையில் நியர் மிஸ்ஸை எழுத அதுதான் வழக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெட்டியில் போடலாம், யாரையும் திட்ட மாட்டார்கள். நல்ல அட்டை போட்டவனைக் கூப்பிட்டு, கை குலுக்கி, கம்பெனி பேர் போட்ட பூத்துவாலை ஒன்று தருவார்கள். அவருக்கும் ஒன்று கிடைத்திருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இன்னும் பீரோவில் இருக்கிறது.

கீழே இறங்கும்போது வராண்டாவில் உட்கார்ந்து நிதானமாக ஓர் அட்டை எழுதினார். எழுதி முடித்துப் பெட்டி தேடினார். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதன் நெற்றியில் ஏதோ கருத்தரங்கின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போட்டுவிட்டு, மனசு லேசாகி, அசோகா அல்வா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

அது ராகிங் புகார்ப் பெட்டி.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மின்விசிறி கெட்டால் மூன்று மாதம் ஆகும், சம்பளச் சான்றிதழுக்கு ஆறு வாரம் ஆகும். ராகிங் புகாருக்கு மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். மறுநாள் பத்தரை மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு லேபுக்குள் நுழைந்தது. தலைவர் ரெங்கம்மாள், வரலாற்றுத் துறைப் பேராசிரியர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கையில் பச்சை அட்டை.

"பாதிக்கப்பட இருந்தவர்கள்: வீரையன், வானதி, ஃபஹ்மிதா" என்று படித்தார். "யாரு நீங்கள்லாம்?"

மூவரும் ஒட்டி நின்றார்கள்.

"பயப்படாம சொல்லுங்க. உங்களுக்கு ஒன்னும் வராது. காரணம்: ஹெக்ஸேன். இந்த ஹெக்ஸேன் எந்த வருஷ மாணவர்?"

"மாணவர் இல்ல மேடம்" என்றாள் வானதி.

"ஸ்டாஃபா?"

"பாட்டில்ல இருக்கு மேடம்."

ரெங்கம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் மாட்டினார். "சாட்சி: யாரும் இல்லை, அனைவரும் சாப்பிடப் போய்விட்டனர்" என்று கடைசி வரியைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, அந்தக் கண்ணாடிச் செட்டை, கதவை அடைத்த பீரோவை, குங்குமச் சிலிண்டரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"செல்லதுரை, இது என் குழுவோட வேலை இல்ல. ஆனா புகார் எங்க பெட்டியில விழுந்துட்டுது. விசாரிச்சு முடிக்காம என்னால மூட முடியாது. மூடுற வரைக்கும் சம்பவ இடத்தைப் பூட்டணும். அது விதி."

அரக்கு வைத்துப் பூட்டினார்கள். அரக்கு உருக்க மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கப் போன அலுவலக உதவியாளரை வானதி மாடிப்படி வரைக்கும் துரத்தினாள்.

ஃபஹ்மிதா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்தில் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அத்தா, துண்டு வந்துச்சா?"

"என்ன துண்டும்மா?"

"அட்டை போட்டா துண்டு குடுப்பாங்கன்னு சொன்னீங்களே. லேப்பைப் பூட்டியிருக்காங்க. இன்னும் மூணு நெல்லு பாக்கி, இருபத்தாறு நாளு பாக்கி. என் அஞ்சு வருஷத்தைப் பெட்டியில போட்டுட்டு அசோகா வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"நான் உன் நல்லதுக்கு..."

"எவனோ வெல்டிங் வைக்கிறதை இருபத்து நாலு வருஷம் பாத்தீங்க. நான் நடந்தது, விழுந்தது, பள்ளிக்கூடம் போனது எதையும் பாக்கல. எல்லாம் போட்டோவுலதான் பாத்தீங்க. இப்ப வந்து பாக்குறீங்களா? பாக்குறதுக்கு ஒரு நேரம் இல்லையாத்தா?"

கமருன்னிஸா மகளை அதட்ட வாயெடுத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மகள் சொன்னதில் ஒரு வரிகூட அவள் மனசுக்குள் எப்போதாவது சொல்லிப் பார்க்காத வரி இல்லை.

அப்துல் ரஹ்மான் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. கமருன்னிஸா வேண்டுமென்றே பலகையைப் பார்க்காமல் வடை சுட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது வடையில் அவளுக்கே தாங்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லுங்களேன். சட்டியில எண்ணெய் விளிம்பு வரைக்கும் இருக்கு."

"இருக்கட்டும்."

"இப்படியே உக்காந்திருந்தா ஆச்சா? நீங்கதானே போட்டீங்க. போய் அந்தம்மாகிட்ட பேசுங்க."

அதற்குள் ரெங்கம்மாளே கூப்பிட்டு அனுப்பிவிட்டார், புகார்தாரர் என்ற முறையில். அப்துல் ரஹ்மான் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் போய் நின்றார். செல்லதுரை, வானதி, வீரையன், ஃபஹ்மிதா எல்லோரும் இருந்தார்கள். ஃபஹ்மிதா அவர் பக்கம் திரும்பவில்லை.

"வீரையன், இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

"இல்லம்மா." கொஞ்சம் யோசித்தார். "தண்ணி நின்னு வாடை வந்தது நாலஞ்சு தடவை இருக்கும். ஆனா ஒன்னும் ஆகலைம்மா."

"எப்பன்னு ஞாபகம் இருக்கா?"

வானதி தயங்கித் தயங்கித் தன் நோட்டை நீட்டினாள். ஓரத்தில் பென்சிலில் ‘தண்ணி நின்னுது’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தாள். கல்வெட்டைப் படித்துப் பழகிய கண்ணுக்குப் பென்சில் எழுத்து பெரிய காரியமில்லை. ரெங்கம்மாள் தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டார்.

"அஞ்சும் வெள்ளிக்கிழமை."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெள்ளிக்கிழமை லேடீஸ் ஹாஸ்டலில் தலைக்குக் குளிப்பார்கள். லேபுக்கும் அதே டேங்க்தான், பன்னிரண்டு மணிக்கெல்லாம் காலி. மோட்டார் போடுகிறவர் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை போட மாட்டார், ராகுகாலம். போன வருஷம் ராகுகாலத்தில் போட்டு மோட்டார் எரிந்துவிட்டது. அதன் பிறகு பன்னிரண்டுக்கு மேல் நேரே சாப்பிடப் போய்விட்டு வந்துதான் போடுவார். அதே நேரத்தில் வீரையன் சூடத்தட்டோடு வருவார்.

"இதுக்கு நடுவுல நீங்க சாப்பிடப் போறீங்க" என்றார் ரெங்கம்மாள். "இத்தனை பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க."

"பாக்குறதுக்குத்தான் ஆள் இல்ல மேடம்" என்றார் அப்துல் ரஹ்மான். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

ரெங்கம்மாள் தீர்ப்பைக் குழுவின் முத்திரை போட்ட தாளில் எழுதினார். ராகிங் நடைபெறவில்லை. பீரோவை நகர்த்த வேண்டும், சிலிண்டருக்கு மருந்து மாற்ற வேண்டும், மாவை எடுத்துப் போக வேண்டும். கருவி ஓடும்போது, வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு கண்காணிப்பாளர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பூட்டு திறக்கப்படாது.

"வேற வேலை இல்லாத ஆளா?" என்றார் செல்லதுரை. "அப்படி ஒரு போஸ்டே இல்லியே மேடம். இருக்குறவங்கள்லாம் வேலை உள்ளவங்கன்னு கணக்கு."

ஃபஹ்மிதா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க அத்தாவுக்கு வேற வேலை இல்ல சார்."

அடுத்த இரண்டு வாரம் அப்துல் ரஹ்மான் தூக்குச் சட்டியும் ஆரஞ்சு மேல்சட்டையுமாக முதல் பஸ் பிடித்தார். பிள்ளையார் படத்துக்கு வராண்டாவில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். "இங்க காத்தோட்டமா இருக்கும் வீரையன்." வீரையனுக்கும் சரியென்று பட்டது. "ஆமா பாய், அவருக்கும் அந்த வாடை ஆகாதுதான்."

மாப்பிள்ளைச் சம்பா ஒரு திங்கட்கிழமை, சிவப்புக் கவுனி ஒரு புதன்கிழமை. அவர் எட்டு மணி நேரம் நின்றார். கண்ணாடிக்குள் ஆவி ஏறி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தவிட்டின் மேல் இறங்கியது. நிறைந்ததும் மடை திறந்த வயல்போல மளமளவென்று வடிந்தது. பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை வடிகிறது என்று இரண்டாவது நாளே கண்டுபிடித்தார். மகள் எடை போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், தப்பாக எழுதினால் நாக்கைக் கடிக்கிறாள் என்பதையும் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு தம்ரூட் இனிப்பை எடுத்து நீட்டினாள். "டூட்டியில சாப்பிடக் கூடாதும்மா" என்றார். "தெரியும். வெச்சுக்கங்க" என்றாள் அவள்.

கடைசி நெல் கருப்புக் கவுனி. மழையில் மில்லுக்குக் கரண்ட் இல்லாமல் இழுத்தடித்து, தவிடு கையில் கிடைத்தபோது வியாழக்கிழமை சாயங்காலம். தள்ளிப்போட்டால் சிக்கு வாடை. புதிதாக அரைக்க அந்த மில்லில் கருப்புக் கவுனி நெல்லும் இல்லை. வெள்ளிக்கிழமை ஓட்டியே ஆக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அப்துல் ரஹ்மான் கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும். மாற்று ஆள் வராமல் ஃபயர் வாட்ச் இடத்தை விட்டு நகரக் கூடாது.

"நான் பாத்துக்குறேன் அத்தா, நீங்க போங்க" என்றாள் ஃபஹ்மிதா.

"வேலை செய்யுறவங்க பாக்கக் கூடாதும்மா. அவங்களுக்கு வேலை முடியணும்னுதான் இருக்கும்." வாசலைப் பார்த்தார். "வீரையன், வாங்க."

மேல்சட்டை வீரையனுக்குத் தொப்பையில் பொத்தான் மாட்டவில்லை. ஆனாலும் போட்டதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது. "தண்ணி நின்னா?" "சுவிட்சை அணைக்கணும்." "யாரு கேட்டாலும்?" "யாரு கேட்டாலும்."

பன்னிரண்டே காலுக்குச் செல்லதுரை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் குழாயில் ஓடிய தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. ஹாஸ்டலில் அன்று நல்ல கூட்டம் போலிருக்கிறது. பன்னிரண்டுக்கே மோட்டாரைப் போடச் சொல்லியிருந்த மோட்டார்காரரும் பழக்க தோஷத்தில் சாப்பிடப் போயிருந்தார்.

வீரையன் கையை நீட்டினார்.

"ஏய், அணைக்காதீங்க" என்றார் செல்லதுரை. "ரெண்டு நிமிஷத்துல வந்துரும். நான் போன் பண்றேன். பாப்பாவோட கடைசி செட்டுய்யா, நடுவுல நிறுத்துனா கெட்டுப்போனாலும் போயிரும்."

வீரையன் ஃபஹ்மிதாவைப் பார்த்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அணைக்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஐந்து வருஷமும் அவள் வாய்க்குள் நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

இருபத்தேழு வருஷத்தில் செல்லதுரையிடம் ‘சரிங்க சார்’ தவிர வேறு சொல்லாத வீரையன் சுவிட்சை அணைத்தார்.

"தள்ளி நில்லுங்க சார். நான் டூட்டியில இருக்கேன்."

செல்லதுரை ஓர் அடி தள்ளித்தான் நின்றார். தள்ளி நின்ற பிறகுதான், தான் தள்ளி நின்றது அவருக்கே தெரிந்தது. போனை எடுத்துக்கொண்டு மோட்டார்காரரைத் தேடி மெஸ்ஸுக்கு அவரே ஓடினார்.

ஒன்றேகாலுக்குத் தண்ணீர் வந்தது. நின்ற நேரத்தை ஃபஹ்மிதா நோட்டில் எழுதி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டினாள். ஆறு மணிக்கு எண்ணெய் எடை போட்டபோது, முந்தைய இரண்டு நெல்லும் எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. தொழுதுவிட்டு வந்த அப்துல் ரஹ்மானிடம் வீரையன் தனியாகக் கேட்டார்:

"பாய், அந்தப் பச்சை அட்டை ஒன்னு கிடைக்குமா?"

இரண்டு விரலால் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார். சம்பவம்: தண்ணி நின்னது. நான் அணைச்சேன். விளைவு: ஒன்னும் ஆகலை.

அடுத்த வாரமே பீரோவிலிருந்து பூத்துவாலை உறை பிரியாமல் தஞ்சாவூர் போயிற்று. வீரையன் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இப்போது லேப் கதவைத் திறக்கிறார்.

துவாலை இல்லாததைக் கமருன்னிஸா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னை ஒரு நாள் தொட விட்டீங்களா அதை? யாருக்குக் குடுத்தீங்க?"

"டூட்டியில இருந்தவருக்கு."

"சரி" என்று உள்ளே போனவள், ஒரு பச்சை அட்டையோடு வந்தாள். அழகான கையெழுத்தில் அது முழுக்க எழுதியிருந்தது. தேதி, போன வெள்ளிக்கிழமை. நேரம், காலை 5.50. இடம், சமையற்கட்டு. சம்பவம்: என் வீட்டுக்காரர் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, பாலை அடுப்பில் வைத்துவிட்டு அணைக்காமல் போய்விட்டார். நடவடிக்கை: நான் அணைத்தேன். விளைவு: ஒன்றும் ஆகவில்லை.

அப்துல் ரஹ்மான் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார். கூடத்தில் தீசிஸ் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஃபஹ்மிதா எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுவரைக்கும் ஏன் சொல்லல?" என்று கேட்டார் அவர்.

"பெட்டி எங்கங்க இருக்கு இந்த வீட்டுல?"

அவர் பேனாவை எடுத்து, அட்டையின் கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, முறைப்படி, அவளுக்குக் கை குலுக்கக் கையை நீட்டினார்.

கமருன்னிஸா அந்தக் கையைப் பார்த்தாள்.

"கை இருக்கட்டும். துண்டு எங்க?"